தவணை சொல்லாத காத்திருப்பு: வேங்கடப் பாலையும் பரிசில் கடாநிலையும்

நம் சங்க மலருக்கு ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு கட்டுரை எழுதிக் கொடுப்பது என் வழக்கம். நான் பட்டம் பெற்ற புலவன் அல்லன். ஆரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து என் தந்தையார் இத்திருப்பதிக்கு வந்து அரிசி மண்டி வைத்தார். அதே கல்லாவில் நான் உட்கார்ந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. சமணக் குடும்பமாகையால் வீட்டில் நாலடியாரும் சிந்தாமணியும் இருந்தன. லோடு வராத மத்தியான நேரங்களில் அவற்றைப் படித்து, அப்படியே சங்க நூல்களுக்கும் போய்ச் சேர்ந்தேன். பிழை இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

இம்முறை எழுத வந்தது பிறர் கருத்தை மறுக்க அன்று; என் கருத்தையே மறுக்க. சில ஆண்டுகளுக்கு முன் நம் பொங்கல் விழா மேடையில் நான் பேசியது சிலருக்கு நினைவிருக்கலாம். "பொருள் தேடி அமெரிக்கா போகும் நம் பிள்ளைகளே இக்காலப் பாலைத் தலைவர்கள், அங்கே பொறுமையோடு காத்திருக்கும் நம் பெண்களே முல்லைத் தலைவியர்" என்றேன். நன்றாகக் கை தட்டினார்கள். அந்தப் பேச்சு பாதி சரி, பாதி தவறு என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கிற்று. விளங்க வைத்தவள் என் இளைய மகள்.

அவள் பொறியியல் படித்தவள். மாப்பிள்ளை எச்-1பி விசாவில் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறார். இவள் அவரைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறாள். ஈஏடி என்று சொல்லும் வேலை அனுமதி அட்டை கிடைத்து நல்ல வேலையில் இருந்தாள். 2021ஆம் ஆண்டு தை மாதம் அட்டையின் காலம் முடிந்தது. புதுப்பிக்க மனுப் போட்டிருந்தும் புது அட்டை வரவில்லை. அட்டை இல்லாமல் ஒரு நாள்கூட வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். ஆகவே வீட்டில் உட்கார்ந்தாள். மாசி போயிற்று, பங்குனி போயிற்று, ஆடியும் பிறந்தது. ஞாயிறுதோறும் போனில் நான், "பொறுமையா இரும்மா, முல்லைன்னா இருத்தல்னு அர்த்தம்" என்று என் இலக்கியத்தைச் சொல்லி வந்தேன். ஒரு நாள் அவள் கேட்டாள்: "அப்பா, முல்லைக்காரிக்குக் கார்காலம்னு ஒரு தேதி இருந்துச்சு. எனக்கு என்ன தேதி?"

எனக்குப் பதில் வரவில்லை. நூல்களை மறுபடி எடுத்தேன். அந்த வாசிப்பின் பயனே இக்கட்டுரை.

வேங்கடத்துக்கு அப்பால்

நாம் இருக்கும் இந்த மலைநாட்டைப் பற்றிச் சங்க நூல்கள் பேசும் முறை நம் கவனத்துக்குரியது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் கூறும் நல்லுலகின் வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அகநானூற்றில் அதே வேங்கடம் வேறு வேலை செய்கிறது. அங்கே அது பிரிவின் எல்லை. 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்ட 200 பாடல்களும் பாலை. அதாவது நூலில் சரிபாதி, பொருளுக்காகப் போனவனைப் பற்றியது. மாமூலனாரும் கல்லாடனாரும் அவன் புல்லி என்னும் தலைவனின் வேங்கடத்தைக் கடந்து போனதாகப் பாடுகிறார்கள். அதற்கு வடக்கே வேறு மொழி பேசும் நாடு. மொழிபெயர்தேயம் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

அந்த எல்லையில்தான் நாம் குடியிருக்கிறோம். 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டாயிற்று. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. திருப்பதி ஆந்திரத்தில் நின்றது. 2022இல் திருப்பதியே தனி மாவட்டமும் ஆகிவிட்டது. பிழைக்க வந்த நம் பெரியவர்கள் ஒரு வகையில் பாலைத் தலைவர்கள்தாம். நம் பிள்ளைகள் இரண்டாம் வேங்கடத்தைத் தாண்டியவர்கள். அதனால்தான் இந்த உவமை நம் மேடைகளில் இவ்வளவு எளிதாக வாய்க்கு வருகிறது. எளிதாக வருவதை ஒரு தரம் உரைத்துப் பார்ப்பது திறனாய்வின் கடமை.

இலக்கணம் வைத்த கெடு

உவமையின் முதற்பிழை, காலத்தைப் பற்றியது. தொல்காப்பியக் கற்பியல் பிரிவுகளுக்குக் கால அளவு வைக்கிறது. கல்விக்காகப் பிரிந்தால் மூன்று ஆண்டுக்கு மேல் ஆகக்கூடாது. அரசன் ஏவிய தொழிலுக்கு ஓராண்டுக்குள். பொருள் முதலிய மற்றப் பிரிவுகளுக்கும் அந்த ஓராண்டு அளவே. பிற்காலத்து நாற்கவிராச நம்பியும் (அவர் எங்கள் சமணத்தார்) தம் அகப்பொருளில் கல்விப் பிரிவுக்கு அதே மூன்றாண்டைச் சொல்கிறார்.

பாட்டுக்கு இலக்கணம் சொல்ல வந்த நூல் எதற்காக நாட்கணக்குப் பார்க்க வேண்டும்? நான் கருதுவது இது. இருத்தல் முல்லைக்கு உரியது. இரங்கல் நெய்தலுக்கு உரியது. இரண்டிலும் பெண் காத்துத்தான் இருக்கிறாள். கண்ணீரின் அளவைக் கொண்டு இவற்றைப் பிரிக்க முடியாது. பிரிப்பது கெடு. வருவேன் என்று சொன்ன பருவம் ஒன்று இருந்தால் அந்தக் காத்திருப்பு இருத்தல். அந்தப் பருவம் இல்லாமற் போனால் அதே காத்திருப்பு இரங்கலாக மாறிவிடுகிறது. குறுந்தொகையில் ஓதலாந்தையார் பாடிய பெண்ணைப் பாருங்கள். கொன்றை பூத்து, காடே 'இது கார்காலம்' என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லாதவர் என்கிறாள். காட்டையே பொய்யாக்கும் துணிவு அவளுக்கு எங்கிருந்து வந்தது? ஒரு வாய்ச்சொல்லிலிருந்து, அச்சொல்லுக்குள் இருந்த ஒரு தேதியிலிருந்து.

மாமூலனார் பாட்டிலும் (அகம் 61) இதுவே. விழாக்கள் நிறைந்த சிறப்புடைய வேங்கடமே கிடைத்தாலும் அவர் உன்னை மறந்து அங்கே தங்கிப் பழகமாட்டார் என்று தோழி தேற்றுகிறாள். அவன் திரும்புவது அவன் மனத்தைப் பொறுத்தது. இன்று அப்படியா? மனமிருந்தும் அசைய முடியாத நிலை அல்லவா!

இரண்டாம் பிழை, காத்திருப்பது யார் என்பதில். கடற்பயணத்தில் பெண்ணை உடன் கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று ஒரு தொல்காப்பிய நூற்பாவுக்கு உரையாசிரியர் சிலர் பொருள் கொள்வர். இன்று பெண் உடன்போகிறாள். போன இடத்தில் காத்திருக்கிறாள். அவள் காத்திருப்பது கணவனுக்காக அன்று. அவன் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான். இருவரும் சேர்ந்து ஒரு காகிதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அகத்திணையில் இதற்கு இடம் இல்லை. ஆகவே உவமையை வேறு இடத்தில் தேட வேண்டும்.

வரிசையின் கணக்கு

தேடுமுன், காத்திருப்பின் கணக்கு எப்படி என்பதை வியாபாரி முறையில் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் பலருக்கு இது அரைகுறையாகத்தான் தெரிகிறது.

அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலையின் அடிப்படையில் தரும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை, அதாவது கிரீன் கார்டு, ஆண்டுக்குச் சுமார் 1,40,000. மனைவி மக்களும் இந்தக் கணக்கிலேயே அடக்கம். இதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. சில லட்சம் பேரே உள்ள ஐஸ்லாந்துக்கும், நூறு கோடிக்கு மேற்பட்ட இந்தியாவுக்கும் ஒரே உச்சவரம்பு. மற்ற நாட்டார் எடுக்காமல் மிஞ்சியது கிடைத்தால் உண்டு. ஆனால் எச்-1பி விசா கொடுப்பதில் நாட்டுவாரி வரம்பு கிடையாது. அதில் பெரும்பகுதி இந்தியர்களுக்கே போகிறது. வாசல் அகலம், உள்கதவு குறுகல். நடுவில் கூட்டம் சேராமல் என்ன செய்யும்? அந்நாட்டுக் காங்கிரஸ் ஆய்வுப் பிரிவு 2020இல் போட்ட கணக்கில், இந்த வரிசையில் நின்றவர்கள் சுமார் 9 லட்சம். 2030இல் அது 20 லட்சத்தைத் தாண்டும் என்றார்கள். 2025 இறுதியில், முதுகலைப் படிப்புடையோர்க்கான பிரிவில் இந்தியர்களின் முறை 2013ஆம் ஆண்டு மனுக்களில் நின்றது.

கிரீன் கார்டு வரும்வரை எச்-1பி உள்ளவர் வேலை மாற வேண்டுமானால் புது முதலாளி புதிதாக மனுப் போட வேண்டும். வேலை போனால் சலுகை 60 நாள். எச்-4 மனைவியரோ வேலையே செய்யக்கூடாது என்றிருந்தது. 2015 மே 26 முதல், கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால் மனைவிக்கும் வேலை அனுமதி உண்டு என்று விதி வந்தது. உடனே அதை எதிர்த்து வழக்கும் வந்தது. பத்து ஆண்டுக்கு மேல் நடந்த அவ்வழக்கின் மேல்முறையீட்டை 2025 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதுவரைக்கும் இந்தப் பெண்களின் வேலை, தீர்ப்பு வராத சொத்து மாதிரி.

அனுமதி கிடைத்தாலும் புதுப்பிக்கும் தொல்லை. 2019இல் எச்-4 நீட்டிப்புக் கேட்போர் எல்லாரும் கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள். 2020இல் கொரோனாவால் கைரேகை மையங்களே மூடின. அதே ஆண்டு, அனுமதி கொடுத்தாகிவிட்டது, ஆனால் அட்டை அச்சாகவில்லை என்ற வேடிக்கையும் நடந்தது. ஒஹாயோவில் நீதிமன்றம் போய்த்தான் அச்சு நகர்ந்தது. 2021 மே மாதம் கைரேகை விதியை நிறுத்தி வைத்தார்கள். அட்டை தாமதமானால் பழைய அட்டையே சில காலம் செல்லும் என்ற சலுகையை 2022இல் 180 நாளிலிருந்து 540 நாளாக உயர்த்தினார்கள். 2025 அக்டோபர் 30 முதல் போடும் புதுப்பிப்பு மனுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சலுகையையே எடுத்துவிட்டார்கள். இப்படி விதிகள் ஏறி இறங்குவதில் ஒரு குடும்பம் வீட்டுக் கடனையும் பிள்ளை படிப்பையும் எப்படித் திட்டமிடும்? 21 வயது ஆகிவிட்டால் பிள்ளையே சார்ந்தவர் என்ற கணக்கிலிருந்து விழுந்துவிடுவான். அப்பனும் மகனும் ஒரே வரிசையில் நின்று, மகன் மட்டும் வளர்ந்த குற்றத்துக்காக வெளியே போகும் வரிசை இது!

பொருந்தும் துறை எது?

இதற்குப் பொருந்தும் துறை புறத்தில் இருக்கிறது. அதன் பெயர் பரிசில் கடாநிலை. கொடுப்பதாகச் சொல்லிக் காலம் நீட்டிக்கும் புரவலன் முன் நின்று புலவன் தன் உரிமையை நினைவூட்டுவது. தாமதத்துக்கென்றே ஒரு துறை வகுத்த இலக்கியம் நம்முடையது.

புறநானூற்று 196ஆம் பாட்டை எல்லாரும் ஒரு முறை ஔவை சு. துரைசாமிப் பிள்ளை உரையோடு படிக்க வேண்டும். ஆவூர் மூலங்கிழார், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியனிடம் பேசுகிறார். அவர் வாதம் நான்கு கட்டம். முடிவதை முடியும் என்பதும், முடியாததை இல்லை என்று மறுப்பதும் இரண்டுமே நட்பின் இலக்கணம். முடியாததை முடியும் என்பதும், முடிவதை இல்லை என்பதும் இரண்டுமே கேட்டு வந்தவனை வாட்டும்; கொடுப்பவன் புகழையும் கெடுக்கும். அவ்வளவுதான். நம் மேடைகளில் இப்பாட்டைக் கொடையின் பெருமைக்கு எடுத்துக்காட்டுவார்கள். என் வாசிப்பில் இது கொடையைப் பற்றிய பாட்டே அன்று. பதிலைப் பற்றிய பாட்டு. மூலங்கிழார் மறுப்பைக் குறை சொல்லவில்லை. மறுப்பையும் நட்பு என்கிறார். அவர் குற்றம் என்று சொல்வது ஒன்றைத்தான்: உண்மையில்லாத பதிலை.

இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். உன் படிப்பு தகுதியானது, உன் வேலை எங்களுக்குத் தேவை, உன் மனு ஏற்கப்பட்டது என்று ஒரு கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, உன் முறை எப்போது என்று மட்டும் சொல்லாமல் இருப்பது முடியாததை முடியும் என்பதுதானே? 'இல்லை' என்றிருந்தால் பிள்ளைகள் பெங்களூருக்கோ சென்னைக்கோ திரும்பி, முப்பது வயதில் வாழ்க்கையை வேறு விதமாகக் கட்டியிருப்பார்கள். 'ஆம்' என்ற சொல் அவர்களைப் பிடித்து வைத்தது, தேதியில்லாத 'ஆம்'.

ஒரு வேற்றுமையையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் இரவலர் அல்லர். உழைக்கிறார்கள், வரி கட்டுகிறார்கள். வேலைக்குத் தக்க கூலியும் வாங்குகிறார்கள். அது கொடை ஆகாது. ஆகவே இது புலவன் கேட்ட பரிசிலைவிட வலுவான வழக்கு.

மண்டிக்காரனாக இன்னொன்றும் தோன்றுகிறது. புரோநோட்டில் தவணைத் தேதி எழுதாமல் விட்டால் என்ன அர்த்தம்? 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி, கேட்ட மாத்திரத்தில் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். தேதி எழுதாத குறை வாங்கினவன் தலையில்தான் விடியும். இந்த விஷயத்திலோ தலைகீழ். தேதி எழுதாததன் நஷ்டம் முழுவதும் காத்திருப்பவன் கணக்கில் ஏறுகிறது.

நம் ஊரில் வரிசை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருமலையில் எத்தனை கம்பார்ட்மெண்ட் நிரம்பியிருக்கிறது, தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று தினம் பேப்பரில் வருகிறது. உள்ளே இருப்பவர்க்குச் சாப்பாடும் பாலும் கொடுக்கிறார்கள். இருபது மணி நேரம் என்று தெரிந்தால் மனிதன் இருபது மணி நேரம் இருப்பான். தெரியாத இரண்டு மணி நேரந்தான் அவனை உடைக்கும்.

பூ அனுப்பிய கடாநிலை

கடாநிலை நம் காலத்திலும் ஒரு தரம் நடந்திருக்கிறது. 2007 ஜூன் மாதம், வேலைப் பிரிவுகளில் ஏறக்குறைய எல்லாருமே ஜூலையில் கடைசிக் கட்ட மனுவைப் போடலாம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. போட்டவர்க்கு கிரீன் கார்டு தாமதமானாலும் வேலை அனுமதி அட்டை கிடைக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் வக்கீலுக்கும் மருத்துவச் சோதனைக்கும் பணம் கட்டி, விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் பாதியில் திரும்பி, மனுவைத் தயார் செய்தார்கள். ஜூலை 2ஆம் தேதி, எண்கள் தீர்ந்துவிட்டன, மனு வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது.

நம் இளைஞர்கள் என்ன செய்தார்கள்? அந்நாட்களில் ஓடிய 'லகே ரஹோ முன்னாபாய்' படத்தின் காந்தி வழியைப் பின்பற்றி, ஜூலை 10ஆம் தேதி குடியேற்றத் துறைத் தலைவருக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்து அனுப்பினார்கள். அவர் அந்தப் பூக்களை இராணுவ மருத்துவமனையில் காயம்பட்டுக் கிடந்த வீரர்களுக்கு அனுப்பிவிட்டார். ஜூலை 17ஆம் தேதி அறிவிப்பு மாறிற்று. ஆகஸ்டு 17 வரை மனுக்களை வாங்கினார்கள். பூவால் மட்டும் மாறிற்று என்று சொல்லமாட்டேன். வழக்குத் தொடுக்கும் ஏற்பாடும், அந்நாட்டு மக்கள் பிரதிநிதிகளின் கண்டனமும் சேர்ந்திருந்தன. ஆனால் கேட்ட முறை மூலங்கிழார் முறை. கடிந்து ஒரு சொல் இல்லை. உரிமையை விடவும் இல்லை. அகிம்சையைக் குலவழக்கமாகக் கொண்ட எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

எதிர்வாதம்

யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் உரிமை அந்தந்த நாட்டுக்கு உண்டு அல்லவா என்று கேட்பார்கள். உண்டு. மூலங்கிழாரே அதை ஒப்புக்கொண்டார் என்று காட்டினேன். ஒரே நாட்டார் எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகத்தான் 7 சதவீதம் என்றும் சொல்வார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வரம்பைத் தூக்கினால் மற்ற நாட்டாரின் வரிசை நீளும். வரம்பு வேண்டாம் என்பது என் வாதம் அன்று. வரம்பு குறுகலாக இருந்தால் வாசலிலேயே சொல்ல வேண்டும். இடையில் நிற்பவருக்கு வேலை செய்யும் அனுமதியாவது நடுவில் அறுந்து போகாமல் இருக்க வேண்டும்.

"டாலர் சம்பாதிக்கிறாங்க, இவங்களுக்கு என்ன கஷ்டம்?" என்பது இரண்டாவது வாதம். வெளியார் சொல்வதைவிட நம் வீட்டுத் திண்ணையில்தான் இது அதிகம் கேட்கிறது. விசாவில் முத்திரை வாங்க நேரம் கிடைக்குமோ என்று பயந்து, பெற்ற தகப்பன் காரியத்துக்கு வராமல் போனில் அழுத மகனை நம் தெருவிலேயே நாம் பார்த்திருக்கிறோம். அந்த அழுகையை டாலரில் மாற்ற முடியுமா?

முடிவாக

பாலை உவமையை நான் விட்டுவிடவில்லை. அதன் பாதி மெய்: போனவன் துன்பம் மெய். மற்றப் பாதியைத்தான் திருத்துகிறேன். பொறுமை என்பது கெடு உள்ள இடத்தில் அறம். கெடு இல்லாத இடத்தில் பொறுமையை உபதேசிப்பது, காக்க வைப்பவர் தவற்றை மறைக்க உதவுகிறது. என் மகளுக்கு ஏழு மாதம் நான் செய்தது அதுதான். புது அட்டை ஆடிக் கடைசியில் வந்தது; பழைய வேலை அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது. நான் அவளிடம், "உனக்குத் தப்பான திணையைச் சொல்லிட்டேம்மா" என்றேன். சிரித்துவிட்டாள்.

மூலங்கிழார் பாட்டு முடியும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். கிடைக்காத அரசனை அவர் சபிக்கவில்லை. உன் பிள்ளைகள் நோயின்றி வாழட்டும் என்கிறார். பிறகு, தன் வீட்டில் வறுமையோடு இருக்கும் மனைவியை நினைத்தபடி வெயிலும் பனியும் பாராமல் நடக்கிறார். அந்த மனைவி என்ன நினைத்தாள் என்று பாட்டில் இல்லை. காத்திருப்பவள் குரலில் ஒரு கடாநிலை நம்மிடம் இன்னும் எழுதப்படவில்லை. அங்கே இருக்கும் நம் பெண்களே அதை எழுத வேண்டும்.

அதுவரை இங்குள்ள பெரியவர்களுக்கு ஒரே விண்ணப்பம். போன் வந்தால், "கிரீன் கார்டு வந்துடுச்சா?" என்று முதலில் கேட்காதீர்கள். அவர்களிடம் பதில் இல்லாத கேள்வி அது ஒன்றுதான்.

அடுத்த மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி என் மகளைக் கேட்டிருக்கிறேன். தைக்குள் அனுப்புவதாகத் தவணை சொல்லியிருக்கிறாள்.